சிபாப் மெஷினைக் குறைந்த செலவில் வாங்குவது எப்படி: ஸ்லீப் ஸ்டடி முதல் மாஸ்க் வரை

ஸ்லீப் அப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு அடிக்கடி நின்று போகும் கோளாறு என்று டாக்டர் சொன்ன அன்று இரவே பெரும்பாலானவர்கள் போனை எடுத்து 'சிபாப் விலை' என்று தேடுகிறார்கள். முகத்தில் போடும் மாஸ்க் வழியாக இரவு முழுக்கக் காற்றழுத்தம் தரும் மெஷின்தான் சிபாப். ஒன்று 28,000 ரூபாய் என்கிறது, இன்னொன்று 80,000 என்கிறது. படத்தில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிப் பெட்டி. மறுநாள் ஒரு டீலர் வீட்டுக்கே வந்துவிடுவார். அடுத்த வாரம் மெஷின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும், இரண்டு மாதம் கழித்து அலமாரியின் மேல்தட்டில் இருக்கும்.

சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் இதை வாங்கும்போது கூடவே அலைந்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்: பணம் போவது வரிசை தவறுவதால். மாஸ்க் பொருந்துமா என்று பார்க்கும் முன் மெஷின், ரிப்போர்ட் படிக்கும் முன் அட்வான்ஸ், ஆபீசில் அனுமதி கேட்கும் முன் பில் என்று எல்லாமே தலைகீழாக நடக்கும். சரியான வரிசையைக் கீழே தருகிறேன். விலைகள் தமிழ்நாட்டு நிலவரத்தை ஒட்டிய தோராயக் கணக்குதான், ஊருக்கு ஊர் மாறும்.

1. மெஷினுக்கு முன் ஸ்லீப் ஸ்டடி

குறட்டை, பகலில் தூங்கி வழிவது, காலையில் தலைவலி, தூக்கத்தில் மூச்சு நின்றதை வீட்டில் யாராவது பார்த்தது: இவை சந்தேகப்படப் போதும். மெஷின் வாங்கப் போதாது.

காரணம், மூச்சு நிற்பதில் இரண்டு வகை உண்டு. தொண்டைத் தசை தளர்ந்து வழியை அடைப்பது ஒரு வகை, இதை அப்ஸ்ட்ரக்டிவ் என்பார்கள். வழி திறந்தே இருக்க, மூச்சை இழுக்கச் சொல்லும் கட்டளை மூளையிலிருந்து வராமல் போவது இன்னொன்று, அது சென்ட்ரல். சிபாப் காற்றழுத்தத்தால் தொண்டையைத் திறந்து வைக்கும் கருவி. முதல் வகைக்கு அது நேரான மருந்து. இரண்டாவது வகைக்கு அதே பெட்டி போதாமல் போகலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

ஸ்லீப் ஸ்டடி என்பது தூங்கும்போது மூச்சு எப்படிப் போகிறது என்று பதிவு செய்யும் சோதனை. அதை ஆஸ்பத்திரியில் ஓர் இரவு தங்கியும் செய்யலாம், சின்னக் கருவியை வாங்கி வந்து வீட்டிலும் செய்யலாம். ஆஸ்பத்திரியில் மூளை அலை, கண் அசைவு, இதயத் துடிப்பு, மூச்சு, ஆக்சிஜன் எல்லாம் பதிவாகும். தனியாரில் 10,000 முதல் 20,000 வரை கேட்பார்கள். வீட்டுச் சோதனையில் மூக்குக் காற்று, நெஞ்சு அசைவு, ஆக்சிஜன், நாடி மட்டும். செலவு ஏறக்குறைய பாதி.

வேறு பெரிய நோய் இல்லாமல், அப்னியா இருக்க நிறைய வாய்ப்பு என்று டாக்டர் கருதினால் வீட்டுச் சோதனை போதும். இதயச் செயலிழப்பு, சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்), நரம்புத் தசைக் கோளாறு, பக்கவாதம் வந்தவர்கள், மார்ஃபின் வகை வலி மருந்து எடுப்பவர்கள் ஆஸ்பத்திரியில் செய்வதுதான் சரி. இவர்களுக்குத்தான் சென்ட்ரல் வகையோ, மூச்சே மேலோட்டமாகிப் போகும் பிரச்சினையோ இருக்க வாய்ப்பு அதிகம்.

வீட்டுச் சோதனையில் ஒரு குறை உண்டு. நீங்கள் எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள் என்று அதற்குத் தெரியாது. மூச்சு நின்ற எண்ணிக்கையைப் பதிவான மொத்த நேரத்தால் வகுப்பதால், பாதி இரவு விழித்துக் கிடந்தவருக்கு 'மணிக்கு எத்தனை முறை' என்ற எண் குறைவாக வரும். அறிகுறி பலமாக இருந்தும் ரிப்போர்ட் 'ஒன்றுமில்லை' என்றால் அதோடு விட்டுவிடாதீர்கள். டாக்டரிடம் ஆஸ்பத்திரி ஸ்டடி பற்றிக் கேளுங்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்தால், நுரையீரல் பிரிவிலும் காது மூக்கு தொண்டைப் பிரிவிலும் ஸ்லீப் ஸ்டடி செய்கிறார்களா என்று விசாரித்துவிட்டுத் தனியாருக்குப் போங்கள். வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் இரண்டிலும் இந்த வசதி உண்டு. காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் பார்ப்பவர்கள் மெஷின் விற்பவர்கள் இல்லை.

ஆஸ்பத்திரியில் செய்வதாக இருந்தால் முன்பதிவின்போதே ஒன்றைக் கேளுங்கள்: "முதல் பாதி இரவில் அப்னியா உறுதியானால், மீதி இரவில் மாஸ்க் போட்டு எனக்கு எவ்வளவு அழுத்தம் தேவை என்றும் பார்த்துவிடுவீர்களா?" இதை ஸ்ப்ளிட் நைட் என்பார்கள். எல்லாருக்கும் ஒத்துவராது. ஒத்துவந்தால் இரண்டாவது இரவின் கட்டணம் மிச்சம்.

டீலர் இலவசமாகச் செய்து தரும் ஸ்டடி பற்றி ஒரு வார்த்தை. அது பொய் என்று சொல்லவில்லை. ஆனால் கம்ப்யூட்டர் தானாகப் போட்ட எண்ணை அப்படியே அச்சடித்து, டாக்டர் கையெழுத்தில்லாமல் தந்தால், அதை வைத்துப் பணம் கட்டாதீர்கள். வரைபடத்தை மனிதர் ஒருவர் பார்த்துத் திருத்தியிருக்க வேண்டும்.

2. ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டியவை

முழு ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்குங்கள், ஒரு பக்கச் சுருக்கம் போதாது. இந்த எண்களைத் தேடிப் பிடியுங்கள்.

ஏ.ஹெச்.ஐ.: ஒரு மணி நேரத்தில் மூச்சு நின்றதும் வெகுவாகக் குறைந்ததும் சேர்த்து எத்தனை முறை என்பது. 5க்குக் கீழ் இயல்பு, 5 முதல் 15 லேசானது, 15 முதல் 30 நடுத்தரம், 30க்கு மேல் கடுமை.

அப்ஸ்ட்ரக்டிவ் எத்தனை, சென்ட்ரல் எத்தனை: சென்ட்ரல் கணிசமாக இருந்தால் இந்த வழிகாட்டியை இங்கேயே மூடிவிட்டு டாக்டரிடம் போங்கள். மெஷின் வகையே மாறலாம்.

ஆக்சிஜன்: எவ்வளவு தாழ்வாக இறங்கியது, 90 சதவீதத்துக்குக் கீழ் எவ்வளவு நேரம் இருந்தது. இரவு முழுக்கத் தாழ்ந்தே இருந்தால் அடைப்பு மட்டும் காரணமாக இருக்காது.

மல்லாந்து படுத்தபோது ஒரு எண், பக்கவாட்டில் ஒரு எண்: மல்லாந்தால் 25, ஒருக்களித்தால் 6 என்று வருபவர்கள் உண்டு. லேசான, நடுத்தர அப்னியாவில் இப்படி வந்தால் படுக்கை நிலையை மாற்றுவது, எடை குறைப்பது, தாடையை முன்னே தள்ளும் பல் கருவி என்று வேறு வழிகளையும் டாக்டர் பேசலாம். மெஷினே வேண்டாம் என்றால் அதைவிட மலிவு எது?

கடைசியாக, அழுத்தம் பார்த்திருந்தால் அந்த எண். 'சென்டிமீட்டர் நீர்' என்ற அளவில், 8, 10, 12 என்பது போல இருக்கும். சாதாரண சிபாப் 4 முதல் 20 வரை தரும்.

இதெல்லாம் கிடைத்ததும் டாக்டரிடம் எழுத்தில் மருந்துச்சீட்டு வாங்குங்கள். மெஷின் வகை, அழுத்தம் அல்லது அழுத்த வரம்பு, மாஸ்க் வகை மூன்றும் அதில் இருக்க வேண்டும். கம்பெனி பெயர் தேவையில்லை. பெயர் எழுதியிருந்தால், "இதே வேலையைச் செய்யும் வேறு கம்பெனி வாங்கலாமா?" என்று தயங்காமல் கேளுங்கள். பெரும்பாலும் 'வாங்கலாம்' என்பதுதான் பதில்.

3. பணம் தர வேறு யாராவது உண்டா?

இந்தக் கேள்வி வாங்கும் முன்னால் வர வேண்டும். பல திட்டங்களில் முன் அனுமதி இல்லாமல் வாங்கிய கருவிக்கு, பில்லை எவ்வளவு அழகாகக் கொண்டுபோய் நீட்டினாலும் பணம் வராது.

மத்திய அரசு ஊழியர்களுக்கும் ஓய்வூதியர்களுக்கும் சி.ஜி.ஹெச்.எஸ்., முன்னாள் ராணுவத்தினருக்கு ஈ.சி.ஹெச்.எஸ்., ரயில்வேக்காரர்களுக்கு ரயில்வே ஆஸ்பத்திரி: இந்த வழிகளில் சிபாப்புக்கு ஒரு உச்சவரம்பு வரை கிடைக்க வாய்ப்பு உண்டு. எந்த வகை ஸ்டடியை ஏற்பார்கள் என்பதையும் அப்போதே கேளுங்கள். ஆஸ்பத்திரியில் செய்த முழு ஸ்டடிதான் வேண்டும் என்றால், வீட்டுச் சோதனைக்குக் கட்டிய பணம் தண்டம். ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியிலேயே தொடங்குவது நல்லது.

தனியார் மெடிக்கல் இன்சூரன்ஸ் பற்றிப் பெரிய நம்பிக்கை வேண்டாம். வீட்டில் வைத்துப் பயன்படுத்தும் கருவிகளைப் பல பாலிசிகள் விலக்கி வைத்திருக்கும். கம்பெனி தரும் குரூப் பாலிசியில் சில நேரம் இடம் இருக்கும். மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். போனில் 'கிடைக்கும் சார்' என்பது பதிலே இல்லை.

இன்சூரன்ஸ் இல்லாத, 60 வயதைக் கடந்த பெற்றோருக்காகச் செய்யும் மருத்துவச் செலவுக்குப் பழைய வரி முறையில் 50,000 ரூபாய் வரை கழிவு உண்டு. ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. உங்கள் பில்லுக்குப் பொருந்துமா என்று ஆடிட்டரிடம் ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

4. எந்த வகை: சிபாப், ஆட்டோ, பைபாப்

சாதாரண சிபாப் இரவு முழுக்க ஒரே அழுத்தம் தரும். ஆட்டோ சிபாப், நீங்கள் புரண்டு படுப்பதற்கும் தூக்கத்தின் ஆழத்துக்கும் ஏற்ப ஒரு வரம்புக்குள் ஏற்றி இறக்கும். பைபாப் மூச்சை இழுக்கும்போது கூடவும் விடும்போது குறைவாகவும் இரண்டு அழுத்தம் தரும்.

தோராயமாக, சாதாரண சிபாப் 20,000 முதல் 35,000. ஆட்டோவில் பி.எம்.சி., யூவெல், ஆக்சிமெட் போன்ற கம்பெனிகளுடையவை 28,000 முதல் 45,000. ரெஸ்மெட் கம்பெனியின் ஏர்சென்ஸ் வரிசை 50,000க்கு மேல். பைபாப் 40,000ல் தொடங்கி லட்சத்தைத் தாண்டும்.

அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகத்தின் 2019 வழிகாட்டுதல், சாதாரண அப்ஸ்ட்ரக்டிவ் அப்னியாவுக்குச் சிபாப், ஆட்டோ இரண்டில் எதுவும் சரி என்கிறது. எனவே ஆஸ்பத்திரியில் அழுத்தம் பார்த்து எண் கையில் இருப்பவருக்குச் சாதாரண சிபாப் போதும். எண் இல்லாதவருக்கு ஆட்டோதான் வசதி, அதுவே சில இரவுகளில் கண்டுபிடித்துச் சொல்லும். இரண்டுக்கும் இடையே சில ஆயிரங்கள்தான் வித்தியாசம் என்றால் நான் ஆட்டோவையே சொல்வேன். எடை கூடினாலோ குறைந்தாலோ தேவைப்படும் அழுத்தம் மாறும், ஆட்டோ அதைச் சமாளித்துக்கொள்ளும்.

புதிதாக வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுவது பைபாப்பில். விலை கூட, ஆகவே உசத்தி என்ற எண்ணம். பைபாப் வேறு தேவைக்கானது: உடல் பருமனால் கார்பன் டை ஆக்சைடு தேங்குபவர்கள், சி.ஓ.பி.டி.யும் அப்னியாவும் சேர்ந்தவர்கள், தசை பலவீனம் உள்ளவர்கள், அதிக அழுத்தத்தில் மூச்சை வெளிவிட முடியாதவர்கள். டாக்டர் காரணம் சொல்லி எழுதாவிட்டால் அந்தப் பக்கம் போகத் தேவையில்லை.

இன்னொரு தவறு, ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரை வாங்கிவிடுவது. கோவிட் காலத்தில் வாங்கியது வீட்டில் இருக்கிறதே, அதைப் போட்டுக்கொள்ளலாமா என்றும் கேட்கிறார்கள். அடைத்த தொண்டையை ஆக்சிஜன் திறக்காது. விரல் கருவியில் எண் நன்றாகத் தெரியும், மூச்சு நிற்பது நின்றபடியே இருக்கும்.

எந்த மெஷினானாலும் மூன்று வசதிகளை விடாதீர்கள். தொட்டித் தண்ணீரைச் சூடாக்கிக் காற்றுக்கு ஈரப்பதம் சேர்க்கும் ஹ்யூமிடிஃபையர், மூச்சு விடும்போது அழுத்தம் சற்றுத் தளரும் வசதி, தினமும் ஏ.ஹெச்.ஐ.யும் காற்றுக் கசிவும் காட்டும் பதிவு. கடைசியது இல்லாத மெஷின் வேலை செய்கிறதா என்பதை உங்களாலும் அறிய முடியாது, டாக்டராலும் முடியாது. கலர் திரை, ப்ளூடூத் எல்லாம் இல்லாவிட்டாலும் தூக்கம் வரும்.

5. மாஸ்க்கில் கஞ்சத்தனம் வேண்டாம்

சிபாப்பைக் கைவிட்டவர்களிடம் ஏன் என்று கேட்டுப் பாருங்கள். மெஷினைக் குறை சொல்பவர் குறைவு. 'மூக்கில் புண்', 'கண்ணில் காற்று அடிக்குது', 'மூச்சு முட்டுது' என்று மாஸ்க் புராணம்தான் வரும். ஆகவே மாஸ்க்கை முதலில் முடிவு செய்யுங்கள், மெஷின் அதற்குப் பின்னால் வரட்டும்.

மாஸ்க்கும் மெஷினும் ஒரே கம்பெனியாக இருக்க வேண்டியதில்லை. வீட்டு மெஷின்களின் குழாய் இணைப்பு பொதுவாக 22 மில்லிமீட்டர் என்ற ஒரே அளவுதான். மலிவான மெஷினுக்கு நல்ல மாஸ்க் போடுவதுதான் என் கணக்கில் சிறந்த சேர்க்கை. ரெஸ்மெட் ஏர்மினி போன்ற பயணக் கருவிகள் இதற்கு விதிவிலக்கு, அவற்றுக்குத் தனி இணைப்பு வேண்டும்.

வகை மூன்று. மூக்கை மட்டும் மூடுவது, மூக்குத் துளையில் ஒட்டி நிற்கும் நேசல் பில்லோ, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் ஃபுல் ஃபேஸ். மூக்கில் மூச்சு தாராளமாக வருபவர்கள் மூக்கு மாஸ்க்கில் தொடங்குங்கள். சிறியது, கசிவு குறைவு, பெரும்பாலும் குறைந்த அழுத்தமே போதும். 'வாயைத் திறந்து தூங்குவேன்' என்பதற்காக உடனே ஃபுல் ஃபேஸுக்குத் தாவ வேண்டாம். மூக்கடைப்பு இருந்தால் முதலில் அதற்கு வைத்தியம் பாருங்கள், பலருக்கு வாயும் தானாக மூடிக்கொள்ளும். சரியாகாதவர்களுக்கு ஃபுல் ஃபேஸ் இருக்கவே இருக்கிறது.

கடையில் உட்கார்ந்தபடி மாஸ்க்கைப் போட்டுப் பார்த்து 'சரியாத்தான் இருக்கு' என்று வாங்கி வந்துவிடுகிறார்கள். படுத்தால் முகத்தின் சதை பக்கவாட்டில் சரியும், கடையில் பொருந்திய மாஸ்க் அங்கே கசியும். எனவே படுத்துப் பார்க்க இடம் கேளுங்கள். மெஷினோடு இணைத்து, உங்கள் அழுத்தத்தை வைத்து, இரு பக்கமும் புரண்டு பார்த்து, அந்த நிலையிலேயே பட்டையைச் சரி செய்யுங்கள். கசிகிறதே என்று பட்டையை இறுக்கிக்கொண்டே போனால் மூக்குத்தண்டில் புண் வரும். அது அளவு தவறு என்பதன் அடையாளம், அடுத்த அளவைக் கேளுங்கள்.

தாடி வைத்திருப்பவர்களுக்கு நேசல் பில்லோ எளிது. அடர்ந்த மீசை இருந்தால் அதற்கும் கொஞ்சம் போராட வேண்டும்.

பேஸ்மேக்கர் போன்ற கருவி உங்கள் உடம்பிலோ பக்கத்தில் படுப்பவர் உடம்பிலோ இருந்தால், பட்டையில் காந்தக் கொக்கி உள்ள மாஸ்க்கைத் தவிருங்கள். காந்தம் அந்தக் கருவிகளைக் குழப்பலாம் என்று மாஸ்க் கம்பெனிகளே எச்சரித்திருக்கின்றன.

மாஸ்க்கில் சின்னத் துளைகள் இருக்கும், அதன் வழியாகக் காற்று சீறும். 'லீக் ஆகுது' என்று அதை டேப் போட்டு ஒட்டியவர்களும் உண்டு. செய்யவே கூடாது. நீங்கள் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடு போகும் வழி அதுதான்.

மூக்கு மாஸ்க் நல்ல கம்பெனியில் 3,000 முதல் 6,000, ஃபுல் ஃபேஸ் 4,000 முதல் 9,000 வரை போகும். பொருந்தாவிட்டால் சில நாட்களுக்குள் மாற்றித் தருவீர்களா என்று கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்குங்கள். இந்த ஒரு வரிக்காக விலையில் 500 ரூபாய் கூடப் போனாலும் பரவாயில்லை.

6. வாடகைக்கு எடுத்துப் பாருங்கள்

சென்னை, கோவை, மதுரை, திருச்சி போன்ற ஊர்களில் டீலர்கள் மாத வாடகைக்குத் தருகிறார்கள். பெரும்பாலும் 3,000 முதல் 5,000, அதோடு டெபாசிட். மாஸ்க் மட்டும் உங்கள் சொந்தமாக வாங்க வேண்டியிருக்கும், சுகாதாரத்துக்கு அதுதான் நல்லதும்.

ஆட்டோ மெஷினையே வாடகைக்குக் கேளுங்கள். இரண்டு வாரத்தில் உங்களுக்கு எவ்வளவு அழுத்தம் தேவைப்படுகிறது என்று அதன் பதிவு காட்டிவிடும். ரெஸ்மெட்டில் '95 சதவீத அழுத்தம்' என்று இருக்கும், இரவில் 95 சதவீத நேரம் அந்த எண்ணோ அதற்குக் கீழோ போதுமாக இருந்தது என்று பொருள். டாக்டர் ஒப்புக்கொண்டால், அந்த எண்ணை வைத்துச் சாதாரண சிபாப் வாங்கிக்கொள்ளலாம்.

அதே கடையில் வாங்கினால் வாடகையைக் கழித்துக்கொள்வார்களா, டெபாசிட் எத்தனை நாளில் திரும்ப வரும், ரிப்பேர் ஆனால் மாற்று மெஷின் உண்டா என்பவற்றை முதலிலேயே பேசிவிடுங்கள்.

7. விலை கேட்கும் முறை

வாட்ஸப்பில் மூன்று டீலர்களிடம் ஒரே கேள்வியை அனுப்புங்கள். மாடலின் முழுப் பெயர், ஹ்யூமிடிஃபையர் சேர்த்தா, சூடாகும் குழாயா சாதாரணக் குழாயா, மாஸ்க் சேர்த்தா, ஜிஎஸ்டி சேர்த்தா, வாரண்டி எத்தனை வருடம், சர்வீஸ் எந்த ஊரில்? இத்தனையும் கேட்காவிட்டால் 32,000 சொன்னவர் ஹ்யூமிடிஃபையர் இல்லாமல் சொல்லியிருப்பார், 38,000 சொன்னவர் மாஸ்க்கோடு சொல்லியிருப்பார். ஒப்பிட்டதாகவே ஆகாது.

பெட்டியில் அச்சடித்த எம்.ஆர்.பி.யைப் பார்த்து மிரள வேண்டாம், அந்த விலைக்கு யாரும் விற்பதில்லை. 'எம்.ஆர்.பி.யில் 50 சதவீதம் தள்ளுபடி' என்பதில் மயங்கவும் வேண்டாம். ஆஸ்பத்திரிக் கவுண்டர் சொல்லும் விலையை வெளியே ஒரு இடத்திலாவது சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஆன்லைனில் மலிவாகக் கிடைத்தால், விற்பவர் அந்தக் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட டீலரா என்று பாருங்கள். சீரியல் நம்பர் எழுதிய ஜிஎஸ்டி பில் இல்லாமல் வாரண்டி என்பது வெறும் பேச்சு. சின்ன ஊரில் இருப்பவர்கள், மெஷினைக் கூரியரில் அனுப்பி வாங்கும் செலவு யாருடையது என்றும் கேட்டுவிடுங்கள்.

8. பழைய மெஷின் வாங்குவது

மேலே சொன்ன அலமாரி மெஷின்கள் விற்பனைக்கு வரும். பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கும். நல்ல வழிதான், கண்ணைத் திறந்துகொண்டு போனால்.

ஓடிய மணிநேரத்தைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு 7 மணி என்றால் வருடத்துக்கு ஏறக்குறைய 2,500 மணி. 'மூணு மாசம்தான் யூஸ் பண்ணோம்' என்பவரின் மெஷின் 9,000 மணி காட்டினால், நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ரெஸ்மெட் ஏர்சென்ஸ் 10 மெஷினுக்கு அந்தக் கம்பெனியே சொல்லும் ஆயுள் 5 வருடம். நான்கு வருட மெஷினுக்குப் பாதி விலை கொடுப்பது லாபமில்லை.

பிலிப்ஸ் மெஷின் என்றால் கூடுதல் கவனம். 2021 ஜூனில் பிலிப்ஸ் தன் ட்ரீம்ஸ்டேஷன் முதல் தலைமுறை உட்படப் பல சிபாப், பைபாப் மாடல்களைத் திரும்பப் பெற்றது. சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்திருந்த பாலியூரித்தேன் ஃபோம் சிதைந்து, துகளும் வாயுவும் மூச்சுக் காற்றில் கலக்கலாம் என்பது காரணம். அந்தப் பட்டியலில் இருந்து சரிசெய்யப்படாத மெஷின் இன்றும் யாராவது வீட்டில் கிடக்கலாம். சீரியல் நம்பரை வாங்கிச் சோதித்த பிறகே பணத்தைப் பற்றிப் பேசுங்கள். நம்பர் தர மறுத்தால் பேச்சே வேண்டாம்.

அப்புறம் மூக்கை நம்புங்கள். சிகரெட் வாடை பிடித்த மெஷினில் அது லேசில் போகாது. ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். கரப்பான் எச்சமோ, தண்ணீர் உள்ளே இறங்கிய கறையோ இருந்தால் வேண்டாம். அரை மணி நேரம் ஓட விட்டு, மோட்டார் கீச்சிடுகிறதா, ஹ்யூமிடிஃபையர் சூடாகிறதா என்று பாருங்கள்.

வாங்கியதும் மாஸ்க், குழாய், ஃபில்டர், தண்ணீர்த் தொட்டி நான்கையும் புதிதாக மாற்றுங்கள். இந்தச் செலவையும் சேர்த்துத்தான் 'மலிவா' என்று கணக்குப் போட வேண்டும். முந்தையவரின் அழுத்தம் உங்களுடையது அல்ல, மருந்துச்சீட்டுப்படி மாற்றியபின் பயன்படுத்துங்கள்.

ஒவ்வொரு மூச்சுக்கும் ஏற்ப அழுத்தத்தை மாற்றும் ஏ.எஸ்.வி. என்ற வகை மெஷின் பழைய விலையில் மிக மலிவாக வந்தாலும் தொடாதீர்கள். இதயத்தின் பம்ப் திறன் 45 சதவீதமோ அதற்குக் குறைவோ இருந்து சென்ட்ரல் அப்னியாவும் உள்ளவர்களுக்கு அது இதய நோய் மரணத்தை அதிகமாக்கியது என்று 2015ல் வெளியான செர்வ்-ஹெச்.எஃப். ஆய்வு காட்டியது. டாக்டர் இதயத்தைப் பார்த்து எழுத வேண்டிய கருவி அது.

வெளிநாட்டில் இருக்கும் மகனோ மகளோ வாங்கி வருவதானால்: அடாப்டர் பொதுவாக 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும், பிளக் மாற்றினால் போதும். வாரண்டி இங்கே செல்லுமா என்பதுதான் கேள்வி, பல நேரம் செல்லாது. அமெரிக்காவில் வாங்க மருந்துச்சீட்டும் வேண்டும்.

9. கரண்ட், தண்ணீர், ஏசி

கரண்ட் போனால் மெஷின் நிற்கும், நீங்கள் விழித்துக்கொள்வீர்கள். மாஸ்க்கின் துளைகளும் வால்வும் இருப்பதால் மூச்சு அடைத்துவிடாது, ஆனால் மாஸ்க்கைக் கழற்றிவிடுவது நல்லது. அடிக்கடி கரண்ட் போகும் ஊரில் இருப்பவர்கள், மெஷின் செருகும் பிளக் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் ஃபேனும் லைட்டும் மட்டும் அதில் இருக்கும். சைன் வேவ் இன்வெர்ட்டராக இருந்தால் நல்லது. மின்சாரத்தை அதிகம் இழுப்பது ஹ்யூமிடிஃபையர் ஹீட்டர்தான், பேட்டரியில் ஓடும் இரவில் அதை அணைத்துவிடுங்கள்.

ரயிலில் கொண்டுபோவதைப் பற்றி யோசித்தால், பெட்டியில் உள்ள சார்ஜிங் பாயிண்டில் இரவு 11 முதல் காலை 5 வரை மின்சாரத்தை நிறுத்திவிடுவது வழக்கம். அதை நம்பிப் போகாதீர்கள், தனி பேட்டரி வேண்டும்.

தொட்டிக்கு டிஸ்டில்டு வாட்டர்தான் சரி. பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் வேண்டாம், அது மூச்சில் போகத் தயாரித்ததல்ல. அவசரத்துக்கு ஆர்.ஓ. தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி ஊற்றலாம், போர் தண்ணீர் ஊற்றினால் சில வாரத்தில் வெள்ளைப் படிவம் கட்டும். தினமும் மீதியைக் கொட்டிப் புதிதாக ஊற்றுங்கள்.

மெஷினைக் கட்டிலைவிடத் தாழ்வான ஸ்டூலில் வையுங்கள். குழாயில் கோர்க்கும் நீர் முகத்துக்கு வராமல் மெஷின் பக்கம் இறங்கும். ஏசி குளிரில் குழாயில் நீர் கோர்ப்பது அதிகம். ஈரப்பத அளவைக் குறைத்தால் அல்லது குழாய்க்குத் துணி உறை போட்டால் சரியாகும். தொட்டியில் தண்ணீரோடு மெஷினைத் தூக்காதீர்கள், சாய்ந்து மோட்டாரில் இறங்கினால் ரிப்பேர் செலவுதான்.

10. முதல் மாதம்

முதல் சில நாட்கள் பகலில், டிவி பார்க்கும்போது மாஸ்க்கைப் போட்டுப் பழகுங்கள். புது உணர்வையும் தூக்கத்தையும் ஒரே நேரத்தில் சமாளிக்கச் சொன்னால் மூளை முரண்டு பிடிக்கும்.

ஆட்டோ மெஷினை டீலர்கள் பலரும் 4 முதல் 20 என்று அப்படியே விட்டுவிட்டுப் போகிறார்கள். பெரிய ஆளுக்கு 4 என்பது காற்றே வராதது போல இருக்கும், 'மூச்சு முட்டுது' என்ற புகாரில் பாதி இதனால் வருவது. ஆரம்ப அளவை உயர்த்தலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

காலையில் எழுந்ததும் இரண்டு எண்கள்: ஏ.ஹெச்.ஐ. 5க்குக் கீழே வர வேண்டும், கசிவு வரம்புக்குள் இருக்க வேண்டும். ரெஸ்மெட்டில் கசிவுக்கு நிமிடத்துக்கு 24 லிட்டர் எல்லை. கசிவு அதிகமென்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், கசியும்போது ஏ.ஹெச்.ஐ. எண்ணையும் நம்ப முடியாது. கம்ப்யூட்டர் பழகியவர்கள் ஆஸ்கர் என்ற இலவச மென்பொருளில் மெமரி கார்டைப் போட்டு இரவு முழுவதையும் வரைபடமாகப் பார்க்கலாம். ரெஸ்மெட், பிலிப்ஸ் மெஷின்கள் பலவற்றை அது படிக்கும்.

வாய் வறண்டால் வாய்வழிக் கசிவு. வயிறு உப்பினால் காற்றை விழுங்குகிறீர்கள், அழுத்தம் பற்றிப் பேச வேண்டும். அழுத்தத்தை நீங்களே ஏற்றி இறக்கிப் பார்க்காதீர்கள். ஒரு மாதப் பதிவை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். பகல் தூக்கம் தெளியும்வரை தூரப் பயணத்துக்கு ஸ்டியரிங்கை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.

11. இரண்டாம் வருடச் செலவு

காகித ஃபில்டரை நம் தூசிக்கு மாதம் ஒரு முறை மாற்றலாம், கழுவி மறுபடி போடக் கூடாது. மாஸ்க்கின் சிலிக்கான் பகுதி ஆறு மாதம் முதல் ஒரு வருடம். முழு மாஸ்க்கையும் மாற்ற வேண்டாம், அந்தப் பகுதி மட்டும் தனியாகக் கிடைக்கும். மாஸ்க் வாங்கும்போதே உதிரி கிடைக்குமா என்று கேட்டிருந்தால் இப்போது லாபம்.

தினமும் மாஸ்க்கை மென்மையான சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் காய வையுங்கள். தொட்டியில் படிவம் கட்டினால் 1 பங்கு வினிகருக்கு 9 பங்கு தண்ணீர் கலந்து ஊறவைத்துக் கழுவுங்கள். ஓசோன் போட்டுச் சுத்தம் செய்யும் கருவிகளை யாராவது விற்க வந்தால் வேண்டாம். அமெரிக்க எஃப்.டி.ஏ. 2020லேயே அவற்றைப் பற்றி எச்சரித்திருக்கிறது, சோப்பு செய்யும் வேலைக்குப் பல ஆயிரம் தேவையுமில்லை.

எடை கணிசமாகக் குறைந்தாலோ கூடினாலோ, அல்லது குறட்டை மாஸ்க்கோடும் திரும்ப வந்தாலோ, புது மெஷினைத் தேடும் முன் பதிவோடு டாக்டரைப் பாருங்கள். பெரும்பாலும் அழுத்தத்தையோ மாஸ்க்கையோ மாற்றினாலே போதும்.